8 நாளில் கின்னௌர், ஸ்பிதி: அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

கோவைக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசிப்பதோடு சரி, இப்போதுதான் முதல்முறையாகக் கேள்வி கேட்கிறேன். செப்டம்பர் நடுவில் இமாச்சலப் பிரதேசத்தில் கின்னௌர் வழியாக ஸ்பிதி பள்ளத்தாக்கு போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 10 வயது மகள், அப்பா. அப்பாவுக்கு 64 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி காலையில் 5 கிலோமீட்டர் நடக்காமல் காபி குடிக்காத ஆள். கோவையிலிருந்து டெல்லி வழியாக சண்டிகர் வரை விமானம், அங்கே செல்ஃப் டிரைவ் கார் எடுத்து நானே ஓட்டுவதாகத் திட்டம். ஊட்டி, வால்பாறை, கொல்லிமலை எல்லாம் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன், இமயமலையில் ஓட்டியதில்லை.

சண்டிகரில் இறங்கி மறுபடி அங்கே விமானம் ஏறும்வரை மொத்தம் 8 நாள். போட்டு வைத்திருக்கிற வரிசை: சண்டிகர், மணாலி, சந்திரதால் ஏரி (ஒரு இரவு கூடாரத்தில்), காசா, தாபோ, கல்பா, சித்குல், சிம்லா, சண்டிகர். கஷ்டமான ரோட்டைத் தெம்பு இருக்கும்போதே முடித்துவிடலாம் என்றுதான் மணாலியை முதலில் வைத்தேன். இது சரிவருமா? திபெத் எல்லை ஓரம் என்பதால் பெர்மிட் வேண்டுமா? சின்ன கார் போதுமா, பெரிய வண்டிதான் எடுக்க வேண்டுமா?

சண்டிகர்வாசி:

ஊர்கள் எல்லாம் சரி, வரிசைதான் தலைகீழ்.

மணாலி 2,050 மீட்டர். மறுநாளே சந்திரதாலில் படுத்தால் அது 4,300 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஒரே பகலில் ஒரு தொட்டபெட்டா உயரத்துக்கும் சற்றுக் குறைவாக ஏறி, அங்கேயே கூடாரத்தில் தூங்குகிறீர்கள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் அன்று இரவே வரும், வயது வித்தியாசம் பார்க்காது. 25 வயதுப் பையன்கள்தான் அதிகம் சுருண்டு விழுவதைப் பார்த்திருக்கிறேன். சிம்லா பக்கமாகப் போனால் மலையே உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கொண்டுபோகும். நார்கண்டா 2,700, சித்குல் 3,450, கல்பா 2,960, நாகோ 3,660, தாபோ 3,280, அப்புறம் காசா. ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போவீர்கள், உடம்புக்கு அதுதான் நல்லது.

2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து மணாலி பக்கம் சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுலபமானது சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாஹௌல் வரைக்கும்தான். அங்கே கிராம்பூ என்கிற இடத்தில் காசா ரோட்டில் திரும்பிய பிறகு இருக்கிற ரோடு வேறு கதை, அதை புல்லட்காரர் வந்து சொல்வார்.

பெர்மிட்: இந்தியர்களுக்கு இந்தப் பாதையில் வேண்டாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்தான் கின்னௌர் மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவிலோ காசாவிலோ வாங்க வேண்டும். ஆனால் எல்லோருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும், எல்லைப் பகுதி, நிறுத்திக் கேட்பார்கள். ராணுவ முகாம், பாலம் இதையெல்லாம் போட்டோ எடுக்காதீர்கள். 2025 ஜூனில் திபெத் எல்லையில் இருக்கிற ஷிப்கி லா கணவாயையும் உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறந்தார்கள், போக ஆசை இருந்தால் ரெக்காங் பியோவில் அன்றைய நிலவரத்தை விசாரித்துவிட்டு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். அதற்குப் பக்கத்தில் காப் என்கிற இடத்தில் திபெத்திலிருந்து வரும் சட்லஜும் ஸ்பிதி ஆறும் சேர்கின்றன. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஒரு பாலம், மேலே பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் மாதிரிதான் தெரியும். அதுவரை ஆப்பிள் தோட்டமும் தேவதாருவும் பார்த்து வந்த கண்ணுக்கு அங்கிருந்து ஒரு மரம் கிடைக்காது.

8 நாள் பத்தாது. 10 ஆக்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் முழு வட்டம் அடிக்கிற ஆசையை விட்டுவிட்டு காசா வரை போய் அதே வழியில் திரும்புங்கள். ஒரே ரோடுதானே என்று தோன்றும், ஆனால் திரும்பும்போது வெயில் வேறு பக்கம் இருப்பதால் அது வேறு ரோடு.

பழைய புல்லட்:

என்னை வம்புக்கு இழுத்துவிட்டார். சரி.

கிராம்பூவிலிருந்து பாத்தல் வரை இருப்பதை ரோடு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஆற்றுப் படுகையில் கல்லை ஒதுக்கி வழி விட்ட மாதிரி இருக்கும். ரோட்டுக்குக் குறுக்கே மேலே உள்ள பனியாறுகளிலிருந்து நாலா நாலாவாக (நாலா என்றால் அங்கே மலை ஓடை) தண்ணீர் இறங்கும். காலை 7 மணிக்குக் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகி மதியம் 2 மணிக்கு முழங்காலைத் தாண்டிவிடும். அதனால் அந்தப் பக்கம் போவதென்றால் காசாவில் விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். எட்டு மணிக்கு பரோட்டா சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புகிற வேலை ஆகாது.

நான் ஒருமுறை சோட்டா தாராவுக்குப் பக்கத்தில் ஒரு நாலாவில் வண்டியை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டு நின்றேன். எதிரே வந்த லாரி டிரைவர் இறங்கி, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காலால் தடவித் தடவி ஒரு பெரிய கல்லைக் கண்டுபிடித்து, அதை இரண்டு பேராக உருட்டித் தள்ளிவிட்டுத்தான் லாரியை எடுத்தார். அவர் டயர் போன தடத்திலேயே நான் போனேன். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்: தண்ணீர் கலங்கலாக இருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முதல் ஆளாக இறங்காதீர்கள், யாராவது வரும்வரை நில்லுங்கள். யாராவது வருவார்கள்.

சின்ன கார் போகாதா என்றால் போகும், உள்ளூர்க்காரர்கள் ஆல்டோவில் போகிறார்கள். ஆனால் நீங்கள் நாலு பேர், நாலு பெட்டி. பாரத்தில் வண்டி தாழ்ந்து, கல் ஆயில் சம்பில் (இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) அடித்தால் அங்கே மெக்கானிக்குக்கு எங்கே போவீர்கள்? தரையிலிருந்து உயரமாக நிற்கிற வண்டி எடுங்கள், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கட்டாயமில்லை.

பெட்ரோல்: ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரியில் முழு டாங்க், காசாவில் முழு டாங்க். மணாலி பக்கம் இறங்குவதென்றால் காசாவுக்கு அடுத்து மணாலிதான் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், அதில் பாதி முதல் கியரில்.

இன்னொன்று, செப்டம்பர் என்றால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். 2018 செப்டம்பர் கடைசியில் திடீரென்று பனி கொட்டி லாஹௌல் ஸ்பிதியில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2023 ஜூலையில் சந்திரதாலில் மட்டும் இருநூறு பேருக்கு மேல். காசாவுக்கும் மணாலிக்கும் நடுவில் தாண்ட வேண்டிய குன்சும் கணவாய் 4,551 மீட்டர், அதற்கு நாள்காட்டி தெரியாது.

குன்னூர்க்காரி:

நான் அம்மாவோடு (அப்போது 61) போய் வந்தவள், அதனால் அப்பா விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் கிளம்புவதற்கு முன்னால் அவருடைய டாக்டரிடம் உயரம் எவ்வளவு என்று எண்ணோடு சொல்லிக் கேளுங்கள். டயமாக்ஸ் (உயரம் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கான மாத்திரை) எல்லோரும் வாயில் போட்டுக்கொள்கிற மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. அது அதிகம் சிறுநீர் போக வைக்கிற மருந்து. பிரஷர் மாத்திரையிலும் சிலருக்கு அதே வகை சேர்ந்திருக்கும், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். டாக்டர் சொன்னால் மட்டும். உங்கள் மகளுக்கும் அப்படித்தான், சொந்தமாக அளவு போடாதீர்கள்.

எங்கள் கதையில் நாகோவில்தான் முதலில் தெரிந்தது. அறைக்குள் போனதும் பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டுகள் எல்லாம் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தன. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு "என் தலையும் இப்படித்தான் இருக்கு" என்றார். அன்று இரவு தலைவலி, மறுநாள் தாபோவுக்கு இறங்கினோம், 400 மீட்டர்தான் குறைவு, மதியச் சாப்பாட்டுக்கே சரியாகிவிட்டது. காசாவுக்கு ஒரு நாள் தள்ளிப் போனோம். தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள், அதிகமானால் இறங்குங்கள். குழறிப் பேசினாலோ, தடுமாறி நடந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

தாபோவில் தங்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே இருக்கிற பௌத்த மடாலயம் கி.பி. 996-இல் கட்டியது. நம் தஞ்சைப் பெரிய கோயில் 1010. அதாவது ராஜராஜன் அங்கே கருங்கல்லை ஏற்றத் தொடங்குவதற்கும் முன்னாலேயே இவர்கள் இங்கே வெறும் மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள், உள்ளே முழுக்க ஓவியம். மழை குறைவான ஊர் என்பதால் அந்த மண் இன்னும் நிற்கிறது. உள்ளே இருட்டு, போட்டோ எடுக்க விடமாட்டார்கள், கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு வெளியே வந்துவிடாதீர்கள். என் அம்மா அரை மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சந்திரதால் கூடாரம் மட்டும் வேண்டாம். ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி கிடையாது, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான். செப்டம்பர் இரவில் அப்பா கழிப்பறைக்கு எழுந்து வெளியே போவதை நினைத்துப் பாருங்கள். காசாவிலேயே இரண்டு இரவு தங்கி பகலில் மேலே இருக்கிற லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் கிராமங்களுக்குப் போய் வாருங்கள். ஹிக்கிம் தபால் நிலையம் கிட்டத்தட்ட 4,400 மீட்டர், அங்கிருந்து உங்கள் மகள் தன் பெயருக்கே ஒரு அட்டை போடட்டும். எனக்கு என் அட்டை மூன்று வாரம் கழித்து வந்தது, குன்னூர் தபால்காரர் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

மலைக்கிறுக்கன்:

எல்லாம் சொல்லிவிட்டார்கள், இரண்டு விஷயம் மட்டும். வாடகை கார் எடுக்கும்போது ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். எனக்கு ஒரு இடத்தில் கொடுத்த வண்டியில் (பெயர் வேண்டாம்) ஸ்டெப்னி மொட்டையாக இருந்தது, ஜாக்கி இருந்தது, ஜாக்கியைச் சுற்றுகிற கம்பி இல்லை. பூ என்கிற ஊருக்குப் பக்கத்தில் பஞ்சர் ஆனபோதுதான் தெரிந்தது. வண்டியை அந்த மாவட்டங்களுக்குக் கொண்டுபோகலாமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கல் விழுகிற இடம் என்று பலகை வைத்திருக்கிற எந்த இடத்திலும் செல்ஃபிக்கு நிற்காதீர்கள். மேலே ஆடு மேய்ந்தாலே கல் வரும், மதியத்துக்கு மேல் காற்று வேறு. 2021 ஜூலையில் சாங்லாவுக்குப் பக்கத்தில் பட்சேரியில் மலையிலிருந்து உருண்ட பாறைகள் ஒரு சுற்றுலா வண்டி மேல் விழுந்து 9 பேர் இறந்துபோனார்கள். ஊட்டியில் ஓட்டியவர் என்பதால் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது, கியரில் இறங்குவது எல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கூடுதலாக, அடிக்கடி மேலேயும் பாருங்கள்.

கோவைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. உட்கார்ந்து மாற்றிப் போட்டேன். மேனேஜரிடம் கெஞ்சி ஒரு நாள்தான் கிடைத்தது, ஆக 9. நார்கண்டா, சித்குல், கல்பா, தாபோ, காசா இரண்டு இரவு, அதே வழியில் கல்பா, நார்கண்டா, மறுநாள் சண்டிகர். சந்திரதால் இல்லை, மணாலி இல்லை. மனைவிக்கு மணாலி விட்டுப்போனதில் கொஞ்சம் வருத்தம். அப்பாவோ 996, 1010 என்று படித்ததிலிருந்து தாபோவுக்கு இரண்டு இரவு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். காசாவில் ஒன்றைக் குறைத்து அங்கே கொடுக்கலாமா?

குன்னூர்க்காரி:

கொடுங்கள். அப்பாவின் உடம்புக்கும் அதுதான் நல்லது. தாபோவிலிருந்து காசா 48 கிலோமீட்டர்தான், நடுவில் தங்கர் மடாலயம் பார்த்துவிட்டு மதியத்துக்குள் போய்விடலாம், மறுநாள் காலையில் ஹிக்கிம். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே ஓடாது. அப்பாவுக்கு ஒரு டார்ச்சும் வாங்கிவிடுங்கள், அந்த ஓவியங்களுக்கு செல்போன் வெளிச்சம் போதாது.

பழைய புல்லட்:

ஊறுகாய் பாட்டிலை இறுக்கி மூடி, பாலிதீன் கவரில் கட்டி எடுத்துப் போங்கள். சிப்ஸ் உப்பியது போல அதுவும் பொங்கும். என் ஸ்வெட்டரில் இன்னும் மாங்காய் வாசம்.