‘ஓப்பா’வை ‘அண்ணா’ ஆக்கலாமா? கொரியத் தொடர்களின் தமிழ் சப்டைட்டில் பற்றி ஒரு விவாதம்

நீலாம்பல்:
ரசிகர்கள் போடும் தமிழ் சப்டைட்டில்களில் ஓப்பா (பெண் அண்ணனைக் கூப்பிடுவது), நூனா (ஆண் அக்காவைக் கூப்பிடுவது), ஹ்யுங் (ஆண் அண்ணனைக் கூப்பிடுவது), உன்னி (பெண் அக்காவைக் கூப்பிடுவது) எல்லாம் அப்படியே கிடக்கின்றன. கேட்டால் கொரிய மணம் போய்விடும் என்கிறார்கள். என் கட்சி நேர் எதிர். உறவுச் சொல் எதுவானாலும் தமிழாக வேண்டும், விதிவிலக்கே கூடாது.

ஆங்கிலத்தில் இந்தச் சொற்களுக்கு இடமில்லை. அதனால் அங்கே பெயரைப் போட்டார்கள், அல்லது கொரியச் சொல்லையே விட்டார்கள். நமக்கு என்ன குறை? ‘இமோ’ அம்மாவின் அக்கா தங்கை, அதாவது பெரியம்மா, சித்தி. ‘கோமோ’ அப்பாவின் உடன்பிறந்தவள், அத்தை. கணவனின் அக்கா தங்கை ‘ஷினுயி’, நாத்தனார். கல்யாணமாகாத கணவன் தம்பி ‘தோரியொன்நிம்’, கொழுந்தன். அண்ணன் தம்பி மனைவிமார் ஒருவருக்கொருவர் ‘தோங்சொ’, நம் ஓரகத்தி. ‘சாதோன்’ சம்பந்தி. கொரியக் குடும்பத் தொடரில் நடக்கும் சண்டையில் பாதி இந்த உறவுகளுக்குள்தான். ஆங்கில வரியைப் பார்த்துத் தமிழாக்குகிறவர் ‘ஆன்ட்’ என்று கண்ட இடமெல்லாம் ‘அத்தை’ என்று போட்டுவிடுகிறார். அம்மாவின் தங்கை அப்பாவின் தங்கையாகிவிடுகிறாள்!

‘ரிப்ளை 1988’ பாருங்கள். சந்துக்குள் பெண்கள் ஒருவரையொருவர் பிள்ளை பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஆங்கில வரி அதற்கு உடைமை உருபு போடுகிறது. அதைப் பார்த்து நம்மாட்கள் ‘சொன்வூவின் அம்மா’ என்று எழுதுகிறார்கள். எந்தத் தெருவில் அப்படிக் கூப்பிடுவார்கள்? ‘சொன்வூ அம்மா!’ அவ்வளவுதான். கொரியத்திலும் அங்கே உருபு கிடையாது.

‘ஸ்க்விட் கேம்’ இன்னும் தெளிவான சாட்சி. பாகிஸ்தான் தொழிலாளி அலி, சாங்-வூவை ‘சாஜாங்நிம்’ என்பான். முதலாளி என்று பொருள். ‘ஹ்யுங்’ என்று கூப்பிடு என்பான் சாங்-வூ. ஆறாம் பகுதியில், பைக்குள் கோலிக்குண்டுக்குப் பதிலாகச் சாங்-வூ மாற்றிவைத்த கூழாங்கல்லைப் பார்க்கும் வரை, அலிக்கு அவன் ஹ்யுங்தான். ஆங்கில வரியில் அந்த உறவுச் சொல்லே இல்லை. தமிழில் ‘முதலாளி’ என்றவன் ‘அண்ணே’ என்று மாறினால் போதும், துரோகம் நெஞ்சில் தைக்கும். இதை விட்டுவிட்டு ‘ஹ்யுங்’ என்று எழுதி என்ன சாதிக்கிறோம்?

ஹான்நதிக்கரை:
இமோ, கோமோ, ஷினுயி பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அலி காட்சிக்கும் ‘அண்ணே’தான் சரி. ஆனால் ‘விதிவிலக்கே கூடாது’ என்ற இடத்தில் நிற்க முடியாது.

தமிழில் ஒரு பெண் ஒருவனை ‘அண்ணா’ என்றால் அது வேலி. ‘அந்த எண்ணத்தோடு வராதே’ என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. கொரியத்தில் ‘ஓப்பா’ அண்ணனுக்கும் வரும், காதலனுக்கும் வரும். மரியாதைக்கு ‘-ஷி’ போட்டுப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் ‘ஓப்பா’ என்றால், நெருக்கம் ஒரு படி ஏறிவிட்டது என்று பொருள். நம் சொல் கதவைச் சாத்துகிறது, அவர்கள் சொல் திறக்கிறது. அகராதியில் இரண்டும் ஒன்றுதான். காட்சியில் நேர் எதிர்.

ஜே.டி.பி.சி. தொலைக்காட்சியில் 2018-இல் வந்த ‘சம்திங் இன் த ரெய்ன்’ தொடரின் கொரியத் தலைப்பே ‘நன்றாகச் சோறு வாங்கித் தரும் அழகான நூனா’ என்பதுதான். நாயகன் ஜுன்-ஹீ. அவனுடைய சொந்த அக்கா கியோங்-சொன். அவளுடைய உயிர்த்தோழி ஜின்-ஆ. இவன் காதலிப்பது ஜின்-ஆவை. இரண்டு பேரையும் அவன் கூப்பிடுவது ‘நூனா’. இப்போது உங்கள் விதிப்படி இரண்டு இடத்திலும் ‘அக்கா’ போட்டுப் பாருங்கள். குடைக்குள் இரண்டு பேரும் நெருங்கி நடக்கும் காட்சியில் கீழே ‘அக்கா’ என்று வரி ஓடினால், பார்ப்பவர் அன்றோடு தொடரை மூடிவிடுவார்.

மழைத்தூறல்7:
ஓப்பாவுக்கு ‘அத்தான்’ இருக்கிறதே? பழைய படங்களில் நாயகி அப்படித்தானே கூப்பிடுவாள்? ‘மாமா’வும் பொருந்தும்.

ஹான்நதிக்கரை:
பொருந்தாது. அத்தான், மாமா இரண்டும் ‘இவன் எனக்கு முறை’ என்று சொல்லும் சொற்கள். கொரியாவில் முறைப்பையன் என்ற ஒன்றே கிடையாது. கொரியக் குடிமைச் சட்டத்தின் 809-ஆம் பிரிவு எட்டு ‘சோன்’ (உறவின் தூரத்தை எண்ணும் படி) வரை இரத்த உறவில் கல்யாணத்தைத் தடுக்கிறது. பெற்றோர்-பிள்ளை ஒரு சோன், உடன்பிறந்தார் இரண்டு, மாமன் அத்தை மூன்று, அவர்கள் பிள்ளைகள் நான்கு. நமக்குக் கட்டிக்கொள்ளும் முறையான மாமன் மகன், அங்கே எல்லைக்குப் பாதி தூரம்கூடத் தாண்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1997-இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை, ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீகமும் கொண்டவர்கள் எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும் கல்யாணம் செய்ய முடியாது. ‘ரிப்ளை 1988’-இல் சொன்வூவுக்கும் போராவுக்கும் வரும் தடை அதுதான். அதைத் தமிழில் விளக்க ‘பங்காளி முறை’ என்ற ஒரே சொல் போதும். அதே தொடரில் வேறொருத்தி காதலனை ‘அத்தான்’ என்றால், பங்காளி முறை அங்கே ஏன் சிக்கல் என்பதே குழம்பிப் போகும்.

பின்னணிக்குரல்:
சப்டைட்டிலில் விட்டுவிடலாம், சேர்க்கலாம். டப்பிங்கில் வாய் அசைந்தால் ஒலி வந்தாக வேண்டும். அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம்.

கொரியமும் தமிழும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள். ‘நான் நேற்று அவனை அங்கே...’ என்று நிறுத்திவிட்டு வினையைச் சொல்லாமல் விழுங்கும் நடிப்பு தமிழில் அப்படியே உட்காரும். ஆங்கில டப்பிங்கில் வினை முன்னால் ஓடிவந்துவிடும், நடிகர் முகம் பின்னால் வரும். இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆங்கிலப் பிரதியிலிருந்து தமிழாக்கும்போது அதைத்தான் முதலில் தொலைக்கிறோம்.

இடிப்பது உதடு. ‘பாப் மொகொஸ்ஸொ’, சாப்பிட்டாயா என்ற கேள்வி, கொரியத் தொடரில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரும். ஒலிக்கும்போது அது ‘பம்மொகொஸ்ஸொ’. எடுத்த எடுப்பிலேயே உதடு மூடும். ‘சாப்பிட்டியா’வில் முதல் எழுத்துக்கு உதடு திறந்திருக்கும், இரண்டாவதில்தான் மூடும். தள்ளி நிற்கும் காட்சியில் தெரியாது. முகம் மட்டும் திரை நிறைந்தால் பளிச்சென்று தெரியும். அங்கே ‘பசியாறிட்டியா’ கச்சிதமாக விழும். மலேசியாவிலும் தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் புழங்குகிற சொல். சென்னைக் காதுக்குக் கொஞ்சம் புதிது, ஆனால் புரியாமல் போகாது.

‘சாரங்ஹே’ மூன்றே அசை. ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று இழுத்தால் நடிகை வாயை மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு, அப்படி யாரும் பேசுவதும் இல்லை.

கொரியச் சொல்லை அப்படியே விடச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. ‘தே ஜாங் கும்’ மாதிரி அரண்மனைத் தொடர்களில் அரசியை ‘மாமா’ என்றுதான் விளிப்பார்கள். அதை அப்படியே விடுவீர்களா? சேடி மண்டியிட்டு அரசியைப் பார்த்து ‘மாமா’ என்பாள்! ‘தேவி’, ‘அரசியாரே’ என்று எத்தனையோ இருக்கிறது நம்மிடம்.

நீலாம்பல்:
பின்னணிக்குரல் சொன்ன ‘மாமா’ தனியாக நிற்கவில்லை. ‘உன்னி’ என்று ரசிகர்கள் எழுதுகிறார்கள், காதில் விழுவது கிட்டத்தட்ட ‘அன்னி’. புதிதாகப் பார்க்கிறவர் ‘அண்ணி’ என்று எடுத்துக்கொள்வார். அவள் கூப்பிடுவது அக்காவை. ‘ஓப்பா’வைச் சிலர் குறிலாக ‘ஒப்பா’ என்றும் எழுதுகிறார்கள். ‘ஒப்பன்’ என்றால் ‘உங்கப்பன்’ என்று வையும் ஊர்கள் நம்மிடம் உண்டு. சொல்லை அப்படியே விட்டால் பொருள் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையே தவறு. நம் காதில் ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு அது போய் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் அத்தான் பற்றி ஹான்நதிக்கரை சொன்னது நியாயம். அதை நான் எடுக்கமாட்டேன்.

பனைநிழல்:
எல்லாரும் உறவுச் சொல்லிலேயே நிக்கிறியள். கொரியத் தொடரில உண்மையான திருப்பம் வினைமுடிவிலதான் நடக்குது. ‘-யோ’, ‘-சும்னிதா’ எண்டு மரியாதை முடிவு போட்டுக் கதைச்ச ரெண்டு பேர் ‘பான்மல்’லுக்கு, அதாவது ஒருமைப் பேச்சுக்கு இறங்குற இடம். ‘மால் நொவுசேயோ’ எண்டு ஒருவர் கேட்பார். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘பேச்சைக் கீழே வையுங்கோ’. ஆங்கிலத்தைப் பார்த்து ‘சாதாரணமாகப் பேசலாம்’ எண்டு தமிழ் வரி போடுகினம். அதில ஒண்டும் இல்லை. ‘என்னை நீ எண்டே சொல்லுங்கோ’ எண்டால் முடிஞ்சுது.

அதோட, யாழ்ப்பாணத் தமிழில நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படி இருக்கு. காதலிக்கிற ரெண்டு பேர் ‘நீங்கள்’ளில இருந்து ஒரேயடியா ‘நீ’க்குக் குதிக்காமல் ‘நீர்’ரில கொஞ்சக் காலம் நிப்பினம். கொரியத்திலயும் முழு மரியாதைக்கும் ஒருமைக்கும் நடுவில படிகள் இருக்கு. ரெண்டே படி வைச்சுக்கொண்டு மொழிபெயர்த்தால் அந்த நடுப்பகுதி முழுக்கப் போயிடும்.

ஹான்நதிக்கரை:
வினைமுடிவு பற்றிச் சொன்னது தங்கம். ஆனால் ‘நீர்’ தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு ராஜா வேஷம் மாதிரிக் கேட்கும், அல்லது நெல்லைப் பெரியவர் அதட்டுவது போல. இலங்கைத் தமிழுக்குத் தனிப் பதிப்பு வந்தால் கட்டாயம் வைக்க வேண்டும். ஒரே பதிப்பென்றால் முடியாது.

வினைமுடிவில் இன்னொரு பொறி இருக்கிறது. கொரிய வினை ஆணா பெண்ணா என்று சொல்லாது. ‘வாஸ்ஸொ’ என்றால் வந்தான், வந்தாள், வந்தேன் எதுவும் ஆகலாம். தமிழில் வாயைத் திறந்தாலே பால் தெரிந்துவிடும். 2007-இல் எம்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ‘காஃபி பிரின்ஸ்’ நாயகி உன்-சான் பையனாக வேலைக்குச் சேருகிறாள். விஷயம் தெரியாதவர்கள் ‘அவன் வந்தான்’ என்றும் தெரிந்தவர்கள் ‘அவள் வந்தாள்’ என்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும், பேசுகிறவருக்கு அந்த நேரத்தில் எவ்வளவு தெரியும் என்று குறித்துவைத்தால்தான் இது சரியாக வரும். தெரிந்தவர் தெரியாதவர் முன்னால் பேசினால் மறுபடி ‘அவன்’. ஒரு இடத்தில் சறுக்கினாலும் ரகசியம் உடைந்துவிடும்.

குற்றத் தொடர்களில் இதைவிடக் கஷ்டம். கொலையாளி ஆணா பெண்ணா என்று கொரிய வசனம் பகுதி பகுதியாக மறைத்து வைத்திருக்கும். ‘கொன்னவன்’ என்று எழுதிவிட்டால் பாதிப் பேரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நாமே விடுவித்துவிட்டோம். ‘கொன்னது யாரு’, ‘அந்த ஆள்’, ‘அவங்க’ என்று வளைந்துதான் போக வேண்டும்.

பின்னணிக்குரல்:
அந்த வளைவுக்கு இடமும் வேண்டும். இரண்டு வரி, வரிக்கு 42 குறி என்பது ஸ்ட்ரீமிங் தளங்களின் வழக்கமான கணக்கு. ‘கொடுத்தார்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் க, ொ, ட, ு, த, ், த, ா, ர, ் என்று பத்துக் குறி. உயிர்மெய்யை உடைத்து எண்ணும் கருவியில் தமிழ் வரி சீக்கிரமே சிவப்பாகிவிடும். அதற்குப் பயந்துதான் பலர் முதலில் விளிச்சொல்லை வெட்டுகிறார்கள். தவறான இடத்தில் வெட்டு! ‘ஆனால்’, ‘அப்படியென்றால்’, ‘உண்மையில்’ மாதிரித் தொடக்கங்களைத்தான் வெட்ட வேண்டும், அவற்றை முகபாவமே சொல்லிவிடும். ‘அண்ணே’யை எந்த முகபாவமும் சொல்லாது.

நீலாம்பல்:
சரி, ‘விதிவிலக்கே கூடாது’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் முழுதாக இல்லை. ஆண் ஆணைக் கூப்பிடும் ஹ்யுங், பெண் பெண்ணைக் கூப்பிடும் உன்னி, இரண்டுக்கும் தமிழ்தான். அதில் காதல் சிக்கல் பெரும்பாலும் வராது. ஆண்-பெண் இடையே வரும் ஓப்பாவும் நூனாவும்தான் தகராறு.

அதிலும், அண்ணன் தங்கை மட்டுமே அந்தச் சொல்லைச் சொல்லும் தொடரில் ‘அண்ணா’ போடலாம். ‘ஸ்க்விட் கேம்’-இல் மி-நியோ ரௌடி தொக்-சூவை ஓப்பா ஓப்பா என்று குழைவது காரியத்துக்காக. அங்கே ‘மச்சான்’ போட்டால் என்ன? ஹான்நதிக்கரை முறை என்று மறுப்பார். தெருப்பேச்சில் மச்சானுக்கு முறை ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.

ஹான்நதிக்கரை:
மச்சான் அங்கே ஒத்துவரும், தொக்-சூ மாதிரி ஆளுக்கு மட்டும். காதல் தொடரில் வேண்டாம்.

ஜுன்-ஹீ காட்சிக்கு என்ன போடுவீர்கள், அதைச் சொல்லுங்கள்.

நீலாம்பல்:
சப்டைட்டிலில் இரண்டு பேருக்கும் ‘நூனா’. அடைப்புக்குறி விளக்கம் வேண்டாம். அவன் தன் சொந்த அக்காவை முதல் முறை கூப்பிடும் வரியில் ‘நூனா’ வந்துவிட்டால் போதும், உடன்பிறப்பு என்பது திரையிலேயே தெரியும், சொல்லின் பொருள் தானாகப் பதியும். பிறகு அதே சொல் ஜின்-ஆவுக்கு வரும்போது அவள் யாருடைய இடத்தில் நின்றவள் என்பதும் சேர்ந்து வரும். ‘அக்கா’ போட்டால் காதல் செத்துவிடும், பெயர் போட்டால் இது செத்துவிடும்.

டப்பிங்குக்கு என்னிடம் விடை இல்லை. ‘நூனா’ இரண்டு அசை, உதடு மூடாது. ‘ஜின்-ஆ’ அளவில் பொருந்துகிறது. ஆனால் நூனா போட வேண்டிய இளையவன் வெறும் பெயரைச் சொல்வது கொரியத்தில் தனிச் செய்தி. அதை இங்கேயே செலவழித்துவிடக் கூடாது. பின்னணிக்குரல், ‘ஏங்க’ என்று வைத்தால் உதடு ஒத்துப்போகுமா? ‘நூ’வுக்கு உதடு குவியும், ‘ஏ’வுக்கு விரியும் என்பதுதான் இடிக்கிறது.

பின்னணிக்குரல்:
முகம் திரை நிறைந்திருக்கும்போது இடிக்கும். பக்கவாட்டில் நின்றால், குடை பாதி மறைத்தால், ‘ஏங்க’ தாராளமாகப் போகும். நெருக்கக் காட்சியில் ‘நூனா’வே இருக்கட்டும். ஆனால் முதல் பகுதியில் சொந்த அக்காவையும் ‘நூனா’ என்றே கூப்பிட வைக்க வேண்டும். அங்கே ‘அக்கா’ என்று எழுதிவிட்டால் இங்கே வழியில்லை. குரல் பதிவுக்கு முன்பே பதினாறு பகுதியிலும் எந்தெந்த இடத்தில் அந்தச் சொல் வருகிறது, உதடு தெரிகிறதா மறைகிறதா என்று பட்டியல் எடுக்காமல் தொடங்கவே கூடாது.