தாய் இலக்கில் 45 லட்சத்துக்குப் பதிலாக 87 லட்சம் காட்டுவது ஏன்?

கேள்வி

வணக்கம். கோவையில் விவசாயப் பம்புசெட்டு, மோட்டார் விநியோகம் செய்யும் நிறுவனமொன்றில் விற்பனைக் கணக்குகளைக் கவனித்து வருகிறேன். இந்த நிதியாண்டு முதல் மைக்ரோசாஃப்டின் டைனமிக்ஸ் 365 சேல்ஸ் என்ற விற்பனை மேலாண்மை மென்பொருளில் இலக்குகளை அமைத்திருக்கிறோம். ஏப்ரல் முதல் ஜூன் முடிய உள்ள காலாண்டுக்கு, விற்பனைப் பிரதிநிதிகள் நால்வருக்கும் ஆளுக்கு 12 லட்சம் ரூபாய் வீதம் சேய் இலக்குகளும், அவற்றுக்கு மேலே விற்பனை மேலாளர் பெயரில் 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு தாய் இலக்கும் வைத்தோம். மெட்ரிக், அதாவது இலக்கை எதைக் கொண்டு அளப்பது என்ற வரையறை, தொகை வகையைச் சேர்ந்தது. வெற்றி என்று மூடப்பட்ட ஆப்பர்சூனிட்டிகளின் (விற்பனை வாய்ப்புப் பதிவுகளின்) உண்மை வருவாயைத்தான் அது கூட்டுகிறது.

சேய் இலக்குகள் நான்கையும் கூட்டினால் 42 லட்சம் வருகிறது. எங்கள் ஆர்டர் பதிவேட்டில் மொத்தம் 45 லட்சம் இருக்கிறது. தாய் இலக்கோ 87 லட்சம், அதாவது 174 விழுக்காடு என்கிறது. மறுகணக்கீட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தியும் மாறவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தத் திரையைப் பார்த்த முதலாளி, அடுத்த காலாண்டுக்கு ஒரு கோடி வைத்துவிடலாமே என்று சொல்லிவிட்டார். பிழை எங்கே என்று யாரேனும் கூற முடியுமா?

பதில் 1

87 என்ற எண்ணை 42, 45 என்று பிரித்துப் பாருங்கள்; உங்கள் சேய் இலக்குகளின் கூட்டுத்தொகையும் பதிவேட்டின் மொத்தமும் அதில் அப்படியே இருக்கின்றன. தாய் இலக்கில் இரண்டு அமைப்புகள் உண்டு. சேய் இலக்குகளிலிருந்து மட்டும் கூட்ட வேண்டுமா என்பது ஒன்று. இலக்கு உரிமையாளரின் பதிவுகளை மட்டும் எடுப்பதா, எல்லாப் பதிவுகளையும் எடுப்பதா என்பது மற்றொன்று. நீங்கள் முதலாவதற்கு இல்லை என்றும், இரண்டாவதற்கு எல்லாம் என்றும் கொடுத்திருக்க வேண்டும். அதனால் மென்பொருள் சேய் இலக்குகளின் 42 லட்சத்தை எடுத்துக்கொண்டு, அதே ஆர்டர்கள் அடங்கிய மொத்தப் பதிவுகளையும் இன்னொரு முறை கூட்டிவிட்டது.

பதிவேட்டில் கூடுதலாக உள்ள 3 லட்சம் மேலாளர் தாமே முடித்த ஆர்டர்களாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் முதல் அமைப்பை ஆம் என்று மாற்றிவிடாதீர்கள். இரட்டிப்பு நீங்கும், ஆனால் அந்த 3 லட்சமும் சேர்ந்து காணாமற்போகும். முதல் அமைப்பை இருந்தபடியே விட்டு, இரண்டாவதை மட்டும் உரிமையாளரின் பதிவுகள் என்று மாற்றி மறுகணக்கீடு செய்யுங்கள். மேலாளருக்கென்று தனியாக ஒரு சேய் இலக்கு வைப்பது இன்னொரு வழி. எனக்கு அதுதான் பிடிக்கும், ஏனெனில் அவர் விற்றது எவ்வளவு, அவருடைய குழு விற்றது எவ்வளவு என்று கூட்டத்தில் யாரும் கேட்க வேண்டியிருக்காது.

பதில் 2

மேலே சொன்னது சரியான விளக்கம். எண் திருந்திய பிறகு இன்னும் இரண்டைச் சரிபார்த்துவிடுங்கள். மெட்ரிக்கில் எந்தத் தேதிப் புலத்தைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது முதலாவது. மதிப்பிட்ட முடிவுத் தேதியைக் கொடுத்திருந்தால், ஜூன் 28-இல் முடியும் என்று எதிர்பார்த்து ஜூலை 2-இல் முடிந்த ஆர்டர், தேதியை யாரும் திருத்தாதவரை, பழைய காலாண்டிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். உண்மையான முடிவுத் தேதியே இதற்குப் பொருந்தும். உண்மை வருவாய்க் கட்டத்தில் பிரதிநிதிகள் எந்தத் தொகையை எழுதுகிறார்கள் என்பது இரண்டாவது. எங்கள் அலுவலகத்தில் இருவர் ஜிஎஸ்டி சேர்த்தும் மற்றவர்கள் சேர்க்காமலும் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது ஊக்கத்தொகை கணக்கிடும் நாளில்தான் தெரிய வந்தது. அன்று நடந்த சச்சரவை இங்கே எழுத விரும்பவில்லை.

நிதிக் காலத்தைப் பயன்படுத்துவோர் கவனிக்க: மென்பொருளின் இயல்பு அமைப்பில் நிதியாண்டு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. அதை ஏப்ரல் 1 என்று மாற்றாமல் முதல் காலாண்டைத் தேர்ந்தெடுத்தால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான விற்பனைதான் வரும்.

பதில் 3

ஒரு சிறு யோசனை. முடிந்த விற்பனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காலாண்டு கைவிட்டுப் போன பிறகுதான் குறை தெரியும். அதே மெட்ரிக்கில், நடப்பில் உள்ளவை என்ற புலத்துக்கு, திறந்திருக்கும் ஆப்பர்சூனிட்டிகளின் மதிப்பிட்ட வருவாயைக் கொடுத்து வையுங்கள். தொலைபேசி அழைப்புகளை எண்ணும் இலக்கையும் வைக்கலாம் என்பார்கள். நான் வைத்துப் பார்த்தேன். மாதக் கடைசி மாலையில் நாற்பது அழைப்புகள் ஒரே மணி நேரத்தில் பதிவாயின. மறு மாதமே எடுத்துவிட்டேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. உரிமையாளரின் பதிவுகள் என்று மாற்றியதும் 45 லட்சம், 90 விழுக்காடு என்று வந்துவிட்டது. மேலாளருடையவை பொள்ளாச்சியில் அவரே முடித்த இரண்டு ஆர்டர்கள், ஊகம் சரிதான். முதலாளியிடம் புதிய எண்ணைக் காட்டும் வேலை மட்டும் பாக்கி. காலாண்டு முடிந்துவிட்டதால் இனி இந்த எண் மாறாது என்று கொள்ளலாமா?

பதில் 1

உடனே அப்படிக் கொள்ள வேண்டாம். இயல்பு அமைப்பில் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை தானாகக் கூட்டுவதும், இலக்கின் முடிவுத் தேதிக்குப் பிறகும் 30 நாட்கள் அது தொடர்வதும் வழக்கம். ஜூன் மாத ஆர்டர் எதையாவது யாரேனும் இன்னும் மூடாமல் வைத்திருந்தால், உண்மையான முடிவுத் தேதியைச் சரியாகக் குறிப்பிட்டு அந்த 30 நாட்களுக்குள் மூடச் சொல்லிவிடுங்கள்.