நுரையீரல் நோய்க்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

திருத்துறைப்பூண்டி பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 56 வயது. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். நெல் அவிக்கும் ஆலையில் வேலை பார்த்துத்தான் அம்மா என்னைப் படிக்கவைத்தார். அங்கே உமி அடுப்புப் புகை, களத்தில் நெல்லைக் கிளறும்போது தூசு, வீட்டுக்கு வந்தால் விறகடுப்பு. எங்கள் வீட்டில் பீடி, சிகரெட் பிடித்தவர் ஒருவரும் இல்லை. இழுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். திருவாரூர் மருத்துவக் கல்லூரியில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை எடுத்து சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். பம்பு போட்டுக்கொள்கிறார். கொல்லைக்குப் போய்த் திரும்பினாலே மூச்சு வாங்கித் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். சம்பா அறுப்பும் பனியும் சேர்ந்து வரும் தை மாதத்தில் ராத்திரி படுக்கவே முடிவதில்லை. வேலையை விட்டாயிற்று.

ஊரில் ஒருவர், நாலாயிரம் கொடுத்தால் கால் ஊனம் என்று போட்டு அட்டை வாங்கித் தருகிறேன், மாதம் 1,500 வரும் என்கிறார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. நுரையீரல் நோய் என்று உள்ளபடியே சொல்லி அட்டை வாங்க வழி இருக்கிறதா?

குடந்தை தம்பி:

அக்கா, யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இணையதளத்தில் நீங்களே பதியலாம். மருத்துவக் கல்லூரி ரிப்போர்ட்டை இணைத்துவிடுங்கள். டாக்டர் பார்த்து 40 சதவீதத்துக்கு மேல் போட்டால் அட்டை வந்துவிடும்.

வெண்ணாற்றங்கரை:

தம்பி நல்ல எண்ணத்தில் சொல்கிறார். காசு கொடுக்க வேண்டாம் என்பதும் சரி. ஆனால் அந்த வழியில் போனால் அந்த அம்மாவுக்கு அலைச்சல்தான் மிஞ்சும்.

நான் வலங்கைமான் பக்கம் கிராம உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் யாராவது மனு எழுதக் கேட்டால் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் அம்மா மாதிரி நெல் ஆலையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள், அம்மாடி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பார்வை, செவித்திறன், கை கால், மனநலம், பார்க்கின்சன், தலசீமியா என்று போகிற அந்தப் பட்டியலில் நுரையீரல் இல்லை. எவ்வளவு மோசமான சிஓபிடி என்றாலும் சதவீதம் போட அங்கே ஒரு கட்டமே கிடையாது. மூச்சு வாங்கி நடக்க முடியாததை இயக்கக் குறைபாட்டில் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். எலும்பு, தசை, நரம்பு பாதித்து அதனால் அசைய முடியாமல் போவதைத்தான் சட்டம் இயக்கக் குறைபாடு என்கிறது. ஆகவே அதுவும் பொருந்தாது.

இது அநியாயம் என்பதுதான் என் எண்ணம். 1995 சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தன. அதை 21 ஆக்கியபோது ரத்த நோய்கள் மூன்று உள்ளே வந்தன. அப்படியென்றால் வெளியே தெரியாத நோயையும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டே இன்னும் வகைகளைச் சேர்க்கலாம், அதற்கு அட்டவணையிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். பத்தடி நடந்தால் நின்று மூச்சுப் பிடிக்க வேண்டியவரை வேலை செய்யக்கூடியவர் என்று எப்படிக் கணக்கெடுப்பது? நெல் களத்திலும் அடுப்படியிலும் நெஞ்சைத் தேய்த்தவர்களில் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அவர்களுக்காகக் கேட்க ஆள் இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு இதைக் கோரிக்கையாக எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

அந்த நாலாயிரம் ஆசாமியைக் கிட்டே சேர்க்காதீர்கள். பொய்யாக மாற்றுத்திறனாளிச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2016 சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. மாட்டிக்கொள்வது அம்மாதான், அந்த ஆள் இல்லை.

சரி, பணத்துக்கு வழி. அம்மாவுக்கு 60 ஆகவில்லை, முதியோர் ஓய்வூதியம் இப்போது கிடைக்காது. ஆனால் கணவரை இழந்தவர். ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு 60 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். மாற்றுத்திறனாளிக்கு வருவதைவிட 300 குறைவு, அவ்வளவுதான். இ-சேவை மையத்தில் பதியலாம். கோப்பு போகும் இடம் தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். பொது வட்டாட்சியரிடம் போய் நிற்காதீர்கள், நிறையப் பேர் அங்கேதான் நேரத்தை விடுகிறார்கள். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், அப்பாவின் இறப்புச் சான்று வேண்டும். விஏஓ விசாரணைக்கு வரும்போது அம்மா வீட்டில் இருக்கட்டும். மருத்துவக் கல்லூரிச் சீட்டுகளையும் காட்டுங்கள். வேலைக்குப் போக முடியாத நிலை என்பது அவர் எழுதும் அறிக்கையில் வர வேண்டும்.

திருத்துறைப்பூண்டி பொண்ணு:

ரொம்ப நன்றி ஐயா. விதவை ஓய்வூதியம் என்று ஒன்றை அம்மா கேட்டதே இல்லை, மானம் பார்த்துவிட்டார். ஒரு சிக்கல். அப்பாவின் இறப்புச் சான்று எங்களிடம் இல்லை. அவர் வீட்டில்தான் இறந்தார். யாரும் பதிந்தார்களா என்றே தெரியவில்லை.

வெண்ணாற்றங்கரை:

உரிமையைக் கேட்பதில் மானக்கேடு எதுவும் இல்லை என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

முதலில் விஏஓவிடம் அந்த வருடத்துப் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். வீட்டில் நடந்த சாவுகளையும் அந்தக் காலத்தில் பலர் பதிந்திருக்கிறார்கள், குடும்பத்துக்குத்தான் தெரியாது. இல்லை என்றால் பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடம் தாண்டிய இறப்பைப் பதியக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், உங்களுக்கு அது மன்னார்குடி. இறந்த தேதியைச் சொல்ல ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும், கருமாதிப் பத்திரிகை மாதிரி தேதி போட்ட காகிதம் ஏதாவதும் இருந்தால் வேலை சுலபம். கோப்பு நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

பாபநாசம் பிஎஃப் சார்:

தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசம்தான், திருநெல்வேலிப் பக்கம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவுக்கு ஆலையில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தார்களா? இஎஸ்ஐயில் நீண்ட நாள் நோய்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. இதயத்தையும் பாதித்த சிஓபிடி அதில் பெயரோடு இருக்கிறது. இரண்டு வருடம் வேலையில் இருந்து, போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். சிறிய ஆலைகளில் பெரும்பாலும் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பழைய சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

திருத்துறைப்பூண்டி பொண்ணு:

சம்பளச் சீட்டே கிடையாது சார். சனிக்கிழமை கையில் கூலி, அவ்வளவுதான்.

குடந்தை தம்பி:

ஐயா சொன்ன பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நுரையீரல் உண்மையிலேயே இல்லை. அக்கா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்ப வருமானம் வருடம் 1,20,000க்குள் இருந்தால் போதும். தையில் மூச்சு முட்டி அட்மிட் ஆக வேண்டி வந்தால் அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. அப்புறம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸிடம் அம்மா பெயரைக் கொடுங்கள். வெளியே நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து மூச்சுப் பயிற்சி சொல்லித் தர முடியுமா என்று கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டி பொண்ணு:

காப்பீட்டு அட்டை இருக்கிறது தம்பி, நர்ஸிடம் கேட்கிறேன். விஏஓ நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறார். அப்பா இறந்தது ஐப்பசியில் என்று அம்மா சொல்கிறார், வருடத்தைச் சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டு போகிறேன். ஐயா, பட்டியலில் நுரையீரலைச் சேர்க்கச் சொல்லி எழுதும் கோரிக்கையின் மாதிரி ஒன்றை இங்கே போடுங்கள். அம்மாவோடு களத்தில் வேலை பார்த்தவர்களிடமும் கையெழுத்து வாங்குகிறேன்.