தேயிலைப் பொட்டலத்தில் சுவைக்குறிப்பு: புரியும்படி எழுதுவது எப்படி?

கோத்தகிரி கொழுந்து:
டிசம்பர், ஜனவரிக் கொழுந்தில் ஆர்த்தடாக்ஸ் தேயிலை (தூளாக நொறுக்காமல் இலையாகவே முறுக்கி உலர்த்துவது) போட்டு, 100 கிராம் பொட்டலமாக விற்கிறோம். பின்பக்கம் இப்போது இருப்பது: “நீலமலையின் பனி தழுவிய, மனம் மயக்கும் உன்னத நறுமணம்.” வாங்குகிறவர்களோ “பால் ஊற்றலாமா, திக்காக இருக்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். நாலைந்து வரியில் என்ன எழுதலாம்?

குன்னூர் கோப்பை:
அந்த வரியை எந்தத் தேயிலை மேல் ஒட்டினாலும் பொருந்தும். அதுதான் கோளாறு. முதலில் ஒரே அளவில் சுவைத்துப் பாருங்கள்: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், மூடி வைத்து 6 நிமிடம், வெள்ளைப் பீங்கான், பால் சர்க்கரை கூடாது. அளவும் நேரமும் பீங்கானும், சுவைத்துப் பார்க்கத் தேநீர் போடுவதற்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 3103 சொல்வதுதான். மணம், சாயத்தின் நிறம், வாயில் படுவது, விழுங்கியபின் நிற்பது என்று வந்த வரிசையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

துவர்ப்பையும் கசப்பையும் பலர் குழப்பிவிடுகிறார்கள். ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு. சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி பால் விடுங்கள். பாலின் புரதம் துவர்ப்பை அடக்கிவிடும், கசப்பு அவ்வளவாகக் குறையாது.

புகைவாடை அடித்தால் அதை “புகைமணம்” என்று அலங்கரிக்கவே வேண்டாம். தேயிலை உலர்த்தும் டிரையரின் ஹீட்டரில் எங்காவது கசிவு இருக்கும். அந்த லாட்டை ஒதுக்கிவிட்டு அதைப் பாருங்கள்.

மேட்டுப்பாளையம் சாயா:
தண்ணீரையும் கவனிக்கணும். கோத்தகிரி உயரத்தில் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், சென்னையில் 100. அதே தூள், அதே நேரம், அங்கே துவர்ப்பு தூக்கலாக இருக்கும். சமவெளியில் ஒருவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, அவருக்குச் சரிவந்த நிமிடத்தையே அச்சிடுங்கள்.

மணத்துக்கு உவமை ஒன்று போதும், அதுவும் வாங்குகிறவர் மோந்து பார்த்த பொருளாக. ஒயின் குறிப்பைப் பார்த்து “பிளாக்கரன்ட், செடார்” என்று எழுதினால் ஈரோட்டுக்காரருக்கு என்ன புரியும்?

கோத்தகிரி கொழுந்து:
நன்றிங்க. “பனிக்காலத் தேயிலை” என்று போடலாமா?

குன்னூர் கோப்பை:
தாராளமாக. கூடவே பறித்த மாதம், வருடம் போடுங்கள். ஜூலைக் கொழுந்து ஒரு கூடைகூடக் கலக்கக் கூடாது. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால்தான் அந்த மணம் என்பதற்கு இடமிருந்தால் ஒரு வரி. மாதிரிக்கு இது, உங்கள் கோப்பையில் வந்ததை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

“ஜனவரியில் பறித்தது. வெளிர் ஆரஞ்சுச் சாயம், லேசான மல்லிகை மணம். துவர்ப்பு மிதம், கசப்பு இல்லை. பால் விட்டால் மணம் அடங்கிவிடும். திக்கான பால் டீக்கு ஏற்றதல்ல. 200 மில்லி கொதிநீரில் 4 கிராம், 3 நிமிடத்தில் வடிகட்டவும். ஆறினாலும் கலங்காது, ஐஸ் டீக்கும் ஆகும்.”