வீட்டு ஓர்கனில் மினிமூக், மெலொற்றன், ஹமண்ட் சத்தம் எடுப்பதும் 13/16 எண்ணுவதும்

விசுவமடு_கீபோட்:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் விசுவமடுவில் இருக்கிறேன். கோயில் திருவிழாக்களுக்குப் போகிற இசைக்குழுவில் ஓர்கன் வாசிக்கிறேன், பக்திப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு எதுவானாலும் காதால் கேட்டு எடுத்துவிடுவேன். இப்போது கொஞ்சக் காலமாக 70களின் புறோகிறெசிவ் றொக்கை விடாமல் கேட்கிறேன். ஜெனிசிஸ், யெஸ், பிங்க் ஃப்ளொய்ட், எமர்சன் லேக் அன்ட் பாமர். பாடகருக்குப் பின்னால் கோட் (ஒன்றாக ஒலிக்கும் பல நோட்) பிடித்துக்கொண்டு நிற்கிற கீபோட் இல்லை அது, முன்னுக்கு வந்து பாட்டையே கொண்டுபோகிற கீபோட். அதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

சிக்கல் இரண்டு. என்னிடம் இருப்பது யமஹா பி.எஸ்.ஆர். ஈ வரிசையில் பாவித்த ஒன்று, 61 கட்டை. அதில் உள்ள சின்த் லீட் (சின்தசைசரில் முன்னணி மெட்டு வாசிக்கிற) சத்தத்தை எடுத்து வாசித்தால் நோட் சரி, ஆனால் அந்தப் பாட்டு மாதிரியே இல்லை, மெல்லியதாக உயிரில்லாமல் கேட்கிறது. மற்றது கணக்கு. ஜெனிசிஸின் 'ஃபேர்த் ஒஃப் ஃபிஃப்த்' தொடக்கப் பியானோவில் நோட்டுகளைக் கண்டுபிடித்துவிட்டேன், காலால் தாளம் போட்டால் மட்டும் எங்கேயோ ஓரிடத்தில் கால் தனியாகப் போய்விடுகிறது. 13/16, 15/16 என்று எழுதியிருக்கிறார்கள், அதை எப்படி எண்ணுவது?

கிளிநொச்சிப் பக்கம் இதைச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. பழைய லப்டொப் ஒன்று இருக்கிறது. புதிதாக சின்த் வாங்கும் நிலை இல்லை. எதில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

வவுனியா_சின்த்:

தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள், காசு செலவில்லை. உங்கள் ஓர்கனில் டச் றெஸ்பொன்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்திவிடுங்கள். ஹமண்ட் என்ற பழைய மின் ஓர்கனுக்கோ மினிமூக் என்ற பழைய சின்துக்கோ மெல்ல அடித்தால் மெல்லச் சத்தம், பலமாக அடித்தால் பெரிய சத்தம் என்ற கதையே கிடையாது. எப்படி அடித்தாலும் ஒரே அளவுதான் வரும். அந்தக் காலத்துக் கீபோட்காரர்கள் உணர்ச்சியை வேறு வழியில் கொண்டுவந்தார்கள், ஹமண்ட் என்றால் காலடியில் உள்ள சத்தப் பெடல், மினிமூக் என்றால் இடது கையில் பிட்ச் வீல் (சுருதியை வளைக்கும் சக்கரம்). டச்சை நிறுத்திய உடனே உங்கள் வாசிப்பு பாதி தூரம் கிட்ட வந்துவிடும்.

நான் சொல்லவந்த முக்கியமான விசயமும் இதோடு சேர்ந்ததுதான். சத்தத்தைத் தேடுவதற்கு முன் அந்தக் கருவியால் எது முடியாது என்று தேடுங்கள். அந்த வாசிப்பெல்லாம் பிறந்தது அந்த முடியாமைகளில் இருந்துதான்.

மினிமூக்கை எடுங்கள். 1970இல் வந்தது, 44 கட்டை, மூன்று ஒசிலேற்றர் (சத்த அலையைப் பிறப்பிக்கும் பகுதி), ஒரு நேரத்தில் ஒரே ஒரு நோட். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் கீழ் நோட்தான் கேட்கும், மேல் நோட் கேட்காது. இதைத் தெரிந்து வாசித்தவர்கள் மேல் நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழ் நோட்டை மட்டும் தட்டித் தட்டி எடுப்பார்கள், விரல் ஒன்றுதான் வேலை செய்கிறது, ஆனால் வேகமான கமகம் மாதிரி இரண்டு நோட்டும் மாறி மாறி வரும். சாதாரண ஓர்கனில் அதையே செய்தால் இரண்டு நோட்டும் ஒன்றாய்க் கேட்டு அசிங்கமாகிவிடும். உங்கள் சின்த் லீட் உயிரில்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லப்டொப் இருக்கிறதல்லவா, சேர்ஜ் எக்ஸ்.ரீ. என்ற மென்பொருளை இறக்குங்கள், முழுக்க இலவசம். அதில் மூன்று ஒசிலேற்றர் இருக்கிறது. இரண்டை சோடூத் (ரம்பப்பல் வடிவ) அலையில் வையுங்கள், ஒன்றின் சுருதியை மற்றதில் இருந்து மயிரிழை விலக்குங்கள், மூன்றாவதை ஒரு ஒக்ரேவ் கீழே இறக்கி சத்தத்தைக் குறையுங்கள். பிளே மோட்டை மோனோவுக்கு (ஒரு நேரத்தில் ஒரு நோட்) மாற்றி, நோட் முன்னுரிமையைக் கீழ் நோட்டுக்குக் கொடுங்கள். பில்ரரில் (சத்தத்தை வடிகட்டும் பகுதி) வின்ரேஜ் லாடர் என்று ஒரு வகை இருக்கிறது, அதை எடுத்து கட் ஓஃபை (எந்த உயரத்துக்கு மேல் வெட்டுவது என்ற எல்லை) நடுவுக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், றெசொனன்ஸ் (அந்த எல்லையைத் தூக்கிக் காட்டுவது) சிறிது போதும். ட்ரிஃப்ட் என்ற குமிழைக் கொஞ்சம் திறந்தால் சுருதி நூலளவு அலையும், பழைய கருவியின் இயல்பு அது. போர்ட்டமென்ரோவைச் சிறிதாக வைத்து வாசித்துப் பாருங்கள். எமர்சன் லேக் அன்ட் பாமரின் 1970ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில் 'லக்கி மான்' முடிவில் கீத் எமர்சன் வாசிப்பது மினிமூக் இல்லை, பெரிய மொடியூலர் மூக், ஆனால் அங்கே நோட்டில் இருந்து நோட்டுக்கு வழுக்கிப் போகிறதே, அது இந்தப் போர்ட்டமென்ரோதான். அதற்கு நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

ஓர்கனுக்குப் பின்னால் யு.எஸ்.பி. ரு ஹோஸ்ட் என்று ஒரு துளை இருக்கும், பிரின்ரர் வயர் போதும். இணைத்த பிறகு ஓர்கனில் லோக்கலை ஓஃப் செய்ய மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் அதன் சொந்தச் சத்தமும் லப்டொப் சத்தமும் சேர்ந்து கேட்கும். கட்டையை அழுத்திச் சத்தம் பிந்தி வந்தால் ஏசியோ ஃபோர் ஓல் (சத்தத் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போட்டு பஃபரை (லப்டொப் சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 256க்குக் குறையுங்கள், 44.1 கிலோஹேர்ட்ஸில் அது 6 மில்லிசெக்கனுக்கும் குறைவு, கைக்குத் தெரியாது. மற்றது, எர்த் சரியில்லாத வீடுகளில் சார்ஜர் செருகியிருந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும், வாசிக்கும்போது பற்றரியில் ஓடவிடுங்கள்.

ஒட்டுசுட்டான்_லயம்:

நான் மிருதங்கக்காரன், சின்த் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் தம்பி கேட்ட கணக்கு எங்கள் வீட்டுக் கணக்கு.

கால் தனியாகப் போவதற்குக் காரணம் காலால் தட்டுவதுதான். 2/4, 13/16, 15/16 மூன்றும் மாறி மாறி வருகிற இடத்தில் கால் ஒரு நிலையான அடியைத் தேடும், அது அங்கே இல்லை. நிலையாக இருப்பது மிகச் சின்ன அட்சரம், அதாவது பதினாறில் ஒன்று. 2/4 என்பதையும் அந்த அட்சரத்தில் சொன்னால் 8. அப்படியென்றால் உமக்கு முன்னால் இருப்பது 8, 13, 15 என்ற மூன்று எண்கள், அவ்வளவுதான். வேகம் எங்கேயும் மாறவில்லை, ஆவர்த்தனத்தின் நீளம் மட்டும் மாறுகிறது.

வாயால் சொல்லும். எட்டுக்கு தகதிமி தகஜொணு. பதின்மூன்றுக்கு தகதிமி தகதிமி தகதகிட. பதினைந்துக்கு தகதிமி மூன்று தரம், பிறகு தகிட. இது எண்ணிக்கை பிசகாமல் இருக்க நான் தருகிற சொல், பியானோவில் அழுத்தம் விழும் இடம் வேறாக இருந்தால் அந்த இடத்துக்கு ஏற்றபடி சொல்லை மாற்றிக்கொள்ளும். கீபோட்டைத் தொடாமல், பாட்டைப் பாதி வேகத்தில் போட்டு, சொற்கட்டை மட்டும் சொல்லிக்கொண்டு போம். வாய் தடுமாறாமல் ஒருமுறை முடிந்தால் கை தானாக வரும். மெட்ரோனோம் வைப்பதென்றால் அட்சரத்துக்கு வையும், அடிக்கு வைக்கவேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. எங்கள் சங்கீதம் படித்தவர்கள் ஒன்பது என்றதும் சங்கீர்ணம் என்று நினைத்து 4, 5 என்று பிரிப்போம். மகன் எனக்கு ஜெனிசிஸின் 'சப்பேர்ஸ் றெடி'யில் அந்த 9/8 பகுதியைப் போட்டுக் காட்டினான், அதில் கீழே ஓடுகிற சுற்று 3, 2, 4. தகிட தக தகதிமி. மொத்தம் ஒன்பதுதான், ஆனால் 4, 5 என்று பிடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் பிழைக்கும். கிற்றாரும் பேஸும் அந்தச் சுற்றை விடாமல் பிடித்திருக்க ஓர்கன்காரர் மேலே தன்பாட்டில் போகிறார், சுற்றின் முடிவைப் பற்றிக் கவலைப்படாமல் தன் வாக்கியத்தை நீட்டுகிறார், சுருக்குகிறார். தனியாவர்த்தனத்தில் நாங்கள் செய்கிற வேலை இது. ஒரு வெள்ளைக்காரக் குழு 1972இல் இதைச் செய்திருக்கிறது என்று அன்று முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்துக்கு 13 வேண்டாம். பிங்க் ஃப்ளொய்ட்டின் 'மணி' ஏழு, தகிட தகதிமி சொல்லிப் பழகும். எமர்சனின் 'ரார்க்கஸ்' தொடக்கம் ஐந்து.

விசுவமடு_கீபோட்:

ஐயா, மிக்க நன்றி. 8, 13, 15 என்று சொன்னது தலைக்குள் வெளிச்சம் போட்ட மாதிரி. சொற்கட்டுச் சொல்லிப் பார்த்தேன், பதினைந்தில் கடைசித் தகிடவில் இன்னும் அவசரப்படுகிறேன், பழக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன்.

வவுனியா அண்ணா, சேர்ஜ் வேலை செய்கிறது. கீழ் நோட் முன்னுரிமை விசயம் எனக்கு யாருமே சொல்லாதது. மெலொற்றனும் ஹமண்டும் எப்படி எடுப்பது? ஓர்கனில் இருக்கிற ஸ்ரிங்ஸ் சத்தம் மெலொற்றனுக்குப் பொருந்தவே இல்லை, மிகச் சுத்தமாக இருக்கிறது.

மடு_றோட்_அக்கா:

நான் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவள், வீட்டில் இந்த இசைதான். மெலொற்றன் பற்றி நான் சொல்கிறேன்.

அது சின்தே இல்லை தம்பி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு, அதில் உண்மையான வயலினோ புல்லாங்குழலோ பாடகர் குழுவோ பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், ஏறத்தாழ 8 செக்கனில் முடிந்துவிடும். விரலை எடுத்தால் நாடா பின்னுக்கு இழுபட்டுத் தொடக்கத்துக்குப் போகும், அதற்கும் ஒரு கணம் வேண்டும். ஆகவே நீண்ட கோட்டை அப்படியே பிடித்திருக்க முடியாது. ஒரு விரலை எடுத்து மறுபடி வைத்து, பிறகு அடுத்த விரல் என்று, கோட் அறுந்துவிடாமல் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க வேண்டும். ஜெனிசிஸின் 'வொச்சர் ஒஃப் த ஸ்கைஸ்' தொடக்கத்தை இப்போது கேட்டுப் பாருங்கள், அந்தக் கோட்கள் ஏன் அப்படிக் கனமாக ஒன்றன்பின் ஒன்றாக நகருகின்றன என்று விளங்கும்.

உங்கள் ஓர்கனில் செய்வதென்றால், ஸ்ரிங்ஸ் சத்தத்தில் றிவேர்ப்பை (எதிரொலியை) குறைத்து, ஈக்குவலைசரில் அடிச் சத்தத்தையும் உச்சிச் சத்தத்தையும் வெட்டி நடுவை மட்டும் விடுங்கள். மென்பொருளில் என்றால் சுருதியை மிக மெதுவாக, மிகச் சிறிதாக அலையவிடுங்கள். சஸ்ரெயின் பெடலைத் தொடவே வேண்டாம். கோட்டை 8 செக்கனுக்கு மேல் பிடிக்காதீர்கள், இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் சுமாரான சத்தமும் மெலொற்றன் மாதிரிக் கேட்கும், விதியை மீறினால் எவ்வளவு நல்ல சத்தமும் ஸ்ரிங்ஸ்தான்.

பிங்க் ஃப்ளொய்ட்டின் 'ஷைன் ஒன் யூ கிறேசி டயமன்ட்' (1975) வேறு கதை. அங்கே நீளமாகத் தொங்குகிற கோட், அந்தக் குழுவின் கீபோட்காரர் றிச்சர்ட் றைட்டின் சொலினா ஸ்ரிங் மெஷின் (வயலின் கூட்டம் மாதிரிச் சத்தம் தரும் மின் கீபோட்). அதற்கு நாடா இல்லை, எவ்வளவு நேரமும் பிடிக்கலாம். சேர்ஜில் சோடூத் ஒன்று போட்டு என்செம்பிள் எஃபெக்டை (ஒரு சத்தத்தைப் பலர் வாசிப்பதுபோல் ஆக்குவது) திறந்தால் கிட்ட வரும். உங்களுக்கு முதல் பாடமாக நான் சொல்வது இதுதான். ஜி மைனர், வேகம் இல்லை, மேலே மினிமூக் மெதுவாக ஒரு நோட் ஒரு நோட்டாகப் பேசுகிறது. இடது கையில் சொலினா, வலது கையில் மினிமூக் என்று கீபோட்டை இரண்டாகப் பிரித்து ஒரே ஆள் வாசிக்கலாம்.

வவுனியா_சின்த்:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஹமண்டை நான் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது ட்றோபார் (சத்தத்தின் அடுக்குகளைக் கூட்டிக் குறைக்கும் இழுவைகள்), ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை இழுக்கலாம். முதல் மூன்றையும் முழுக்க இழுத்து மற்றதெல்லாம் உள்ளே தள்ளினால் 888000000, அதோடு மூன்றாம் ஹார்மொனிக்கில் பேர்கஷன் (நோட்டின் தொடக்கத்தில் வரும் 'டிக்' சத்தம்). தொடங்க இது போதும். கோட் நிரம்ப வேண்டுமென்றால் நான்காவதையும் இழுங்கள். லப்டொப்புக்கு செற்பிஃப்ரீ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய இயந்திரத்திலும் ஓடும்.

இங்கேயும் ஒரு முடியாமை இருக்கிறது. பேர்கஷனின் அந்த 'டிக்' ஒவ்வொரு நோட்டுக்கும் வராது. எல்லா விரலையும் எடுத்துவிட்டுப் புதிதாக அழுத்தினால்தான் வரும். ஒரு விரல் கட்டையில் இருக்க அடுத்த நோட்டுக்குப் போனால் டிக் இல்லை. ஆகவே வேகமான ஓட்டத்தில் எல்லா நோட்டும் டிக்கென்று கேட்க வேண்டுமென்றால் நோட்டுகளைப் பிரித்துப் பிரித்து வாசிக்க வேண்டும். யெஸ்ஸின் 'றவுண்ட்அபௌட்' ஓர்கன் சோலோவை ரிக் வேக்மன் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள், விரல்கள் எவ்வளவு சுத்தமாகப் பிரிகின்றன என்று தெரியும்.

ஹமண்டோடு சேர்க்கிற லெஸ்லி ஸ்பீக்கர் சுழல்வதை மறக்கக்கூடாது. வேகமாக என்றால் மேல் ஹோர்ன் செக்கனுக்கு ஆறேழு சுற்று, மெதுவாக என்றால் ஒன்றுக்கும் குறைவு. சுவிட்சைப் போட்ட உடனே வேகம் வராது, ஹோர்ன் ஒரு செக்கனளவில் ஏறும், அடியில் உள்ள ட்றம் இன்னும் ஆறுதலாக ஏறும். அந்த ஏற்றம்தான் அழகு. ஆகவே நீண்ட கோட்டின் நடுவில் சுவிட்சைப் போடுங்கள், கோட் முடிகிற இடத்தில் போட்டால் யாருக்கும் கேட்காது.

விசுவமடு_கீபோட்:

கோயில் மேடையில் ஒரு பக்கம் மட்டும்தான் ஸ்பீக்கர் கொடுப்பார்கள். அங்கே லெஸ்லி கேட்குமா?

வவுனியா_சின்த்:

கேட்கும், ஆனால் ஸ்ரீரியோவில் செய்ததை அப்படியே ஒரு பக்கத்துக்கு அனுப்பினால் பாதி போய்விடும். மென்பொருளில் வெளியீட்டை மோனோவுக்கு மாற்றி, வீட்டிலேயே ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டு அளவைச் சரிசெய்துகொண்டு போங்கள். 'ஷைன் ஒன்' தொடக்கத்தைப் பதிந்து இங்கே போடுங்கள். போடும்போது றிவேர்ப், டிலே எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் சத்தத்தோடு போடுங்கள், அப்போதுதான் ஒசிலேற்றரில் குறையா பில்ரரில் குறையா என்று பார்த்துச் சொல்லலாம்.