கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு வெள்ளைப் பூ: அடையாளம் சொல்ல முடியுமா?

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். வீட்டுத் தோட்டத்தைத் தாண்டி நம் பக்கத்தில் தானாகவே முளைக்கும் அயல்நாட்டுப் பூச்செடிகளைப் பதிவு செய்துவருகிறேன். மடகாஸ்கரின் நித்தியகல்யாணி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்திமந்தாரை, உண்ணிச்செடி எல்லாம் எழுதியாயிற்று.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கால்வாய்க் கரையில் நிற்கும் ஒரு செடியில்தான் தடுமாறுகிறேன். முழங்கால் உயரம். பாலாடை நிறத்தில் ஐந்து இதழ்கள், அடியில் கருந்திட்டு. காலையில் விரிந்து, உச்சிவெயிலுக்குள் சுருங்கிவிடுகிறது. இலை விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கிறது. காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சின்னத் தேன்சுரப்பிகள். எறும்புகள் அவற்றை விட்டு நகர்வதே இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு! டர்னெரா (Turnera) என்ற பூச்செடிப் பேரினத்தில் ஒரு வகை என்று நினைக்கிறேன். உறுதிப்படுத்த உங்கள் உதவி வேண்டும்.

உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்? அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் வேலியோரத்திலோ வாய்க்கால் மேட்டிலோ பார்த்திருக்கிறீர்களா? யாரும் நட்டதா, தானாக வந்ததா என்பதையும் எழுதுங்கள். எனக்கு அதுதான் முக்கியம். படம் எடுத்தால் பூவோடு இலைக்காம்பும் தெரியட்டும். பத்து மணிக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.