கரையோரக் கடலின் நலத்தை அறிய நீர்ச் சோதனை மட்டும் போதுமா?

கேள்வி:
கரையோரக் கடலைக் கண்காணிக்கும் ஆய்வு ஒன்றைத் திட்டமிட்டு வருகிறோம். பாதுகாப்பு நடவடிக்கைகளை முடிவு செய்ய நீரின் வேதியியல் அளவீடுகளே போதுமா, உயிரினங்களையும் கணக்கெடுக்க வேண்டுமா?

பதில் 1:
போதாது என்பதே என் உறுதியான கருத்து. நீர் மாதிரி, அதை எடுத்த நேரத்தின் நிலையை மட்டுமே சொல்லும். கடலடி வண்டலில் வாழும் புழுக்களும் சிப்பிகளும் எளிதில் இடம்பெயர இயலாதவை ஆகையால், பல மாதங்களாகச் சேர்ந்த பாதிப்பைத் தம் இருப்பாலும் இன்மையாலும் காட்டிவிடுகின்றன. கரிமக் கழிவு மிகுந்த இடங்களில் பல இனங்கள் மறைந்து, கேப்பிடெல்லா போன்ற சில புழுக்கள் மட்டும் பெருகும்.

பதில் 2:
உடன்படுகிறேன், ஆயினும் கரைந்த ஆக்சிஜனை விட்டுவிடாதீர்கள். நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்து பாசிகள் பெருகி, பின்னர் மடிந்து அடியில் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் அங்கே தங்குவதில்லை. ஆகவே அடிநீரில், இயன்றால் விடியலுக்கு முன் அளவிடுங்கள். ஆழமற்ற நீரில் பகல்நேர ஒளிச்சேர்க்கை உண்மையான குறைவை மறைத்துவிடும். செயற்கைக்கோள் படங்கள் பயனுள்ளவைதாம், ஆனால் கலங்கிய கரைநீரில் பாசியின் அளவை அறிய உதவும் அவற்றின் பச்சைய (குளோரோபில்) மதிப்பீடு பிழைபடக்கூடும்.

பதில் 3:
அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் நைட்ரஜன் வரத்தைக் குறைத்த பிறகு நீர் தெளிந்து, கடற்புல் வெளிகள் மீண்டும் பரவின. நீண்டகால அளவீடுகள் இருந்ததால்தான் எதைக் குறைக்க வேண்டும் என்று அங்கு முடிவெடுக்க முடிந்தது. மாசு குறைந்த ஓர் ஒப்பீட்டு இடத்தையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பருவமாற்றத்தின் விளைவையும் கழிவின் விளைவையும் பிரித்தறிய இயலாது.